ஆய்வேட்டைப் படித்தது யார்?

முன்வரிசையில் குறிப்பேடும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கும் ஆய்வாளர்களே, பின்வரிசையில் தேநீர் எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆய்வாளர்களே!

'ஆய்வு வெளியீடுகளில் எழுத்துத் திருட்டு' என்று அழைப்பிதழில் தலைப்பு அச்சாகியிருக்கிறது. திருடாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துவிட்டாலும் தலைப்புக்குக் குறை வராது. ஆனால் அதைச் சொல்ல வெளியூரிலிருந்து ஓர் ஆளை வரவழைக்க வேண்டுமா? திருடக் கூடாது என்பது திருடுகிறவருக்கும் தெரியும். நான் கேட்க வந்த கேள்வி வேறு. ஓர் ஆய்வேட்டைப் படித்தது யார்? எழுதியவர் படித்தாரா? நெறியாளர் படித்தாரா? புறத்தேர்வாளர் படித்தாரா? அல்லது மென்பொருள் மட்டும்தான் படித்ததா? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் உங்களை ஜெர்மனிக்கு அழைத்துப் போகிறேன். 2011ஆம் ஆண்டு, பிப்ரவரி மாதம். கார்ல்-தியோடோர் சூ குட்டன்பெர்க் அந்த நாட்டின் பாதுகாப்பு அமைச்சர். பிரபுக் குடும்பம், நல்ல தோற்றம், நாற்பது வயதுகூட ஆகவில்லை. அடுத்த சான்சலர் இவர்தான் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த நேரம். பைராய்ட் பல்கலைக்கழகத்தில் சட்டத்துறையில் முனைவர் பட்டம் வாங்கியிருந்தார். அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் அரசமைப்பு வளர்ந்த விதத்தை ஒப்பிடும் ஆய்வேடு. அந்தப் பல்கலைக்கழகம் தரக்கூடிய மிக உயர்ந்த தகுதி அதற்குக் கிடைத்தது. நூலாகவும் வெளிவந்தது.

பிரெமன் நகரத்துச் சட்டப் பேராசிரியர் ஆந்திரேயாஸ் பிஷர்-லெஸ்கானோ அந்த நூலுக்கு ஒரு மதிப்புரை எழுத உட்கார்ந்தார். மதிப்புரை எழுதுவதற்காகப் படித்தார். கவனியுங்கள், படித்தார்! படிக்கும்போது சில வரிகளின் நடை உறுத்தியது. அந்த வரிகளைக் கூகுளில் போட்டுப் பார்த்தார். செய்தித்தாள் கட்டுரைகள் வந்து நின்றன. மேற்கோள்குறி இல்லை, அடிக்குறிப்பு இல்லை. செய்தி வெளியே வந்ததும், ஒருவரையொருவர் முன்பின் அறியாத பலர் இணையத்தில் ஒரு பொது இடத்தில் கூடினார்கள். ஆளுக்குக் கொஞ்சம் பக்கங்களைப் பிரித்துக்கொண்டு வரிவரியாகப் படித்தார்கள். கடைசியில் வந்த கணக்கைக் கேளுங்கள். 393 பக்கங்களில் 371 பக்கங்களில் பிறர் எழுத்து. 1,200க்கும் மேற்பட்ட துண்டுகள். 135 மூலங்கள். முன்னுரையின் தொடக்கமே ஒரு நாளிதழில் வேறொருவர் எழுதிய கட்டுரையிலிருந்து எடுத்தது. முன்னுரையாவது தாமே எழுதியிருக்கலாம் என்று தோன்றுகிறதல்லவா? எனக்கும் தோன்றியது.

சான்சலர் ஆங்கெலா மெர்க்கல் முதலில் அவரைக் காப்பாற்றத்தான் பார்த்தார். நான் நியமித்தது அமைச்சரை, ஆராய்ச்சி உதவியாளரை அல்ல என்கிற பொருளில் பேசினார். இப்படிப் பேசிய மெர்க்கல், குவாண்டம் வேதியியலில் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றவர்! ஜெர்மனியின் ஆராய்ச்சி மாணவர்கள் கொதித்துப்போனார்கள். இரவு பகலாக ஆய்வகத்தில் கிடக்கும் நாங்கள் முட்டாள்களா என்று கேட்டு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். பல்லாயிரம் பேர் அதில் கையெழுத்திட்டார்கள். பிப்ரவரி 23ஆம் தேதி பல்கலைக்கழகம் பட்டத்தைப் பறித்தது. மார்ச் 1ஆம் தேதி அமைச்சர் பதவி போனது.

அந்த மார்ச் 1ஆம் தேதி எடுத்த ஒரு புகைப்படம் உலகம் முழுதும் சுற்றியது. மெர்க்கல் அன்று ஹனோவர் கணினிக் கண்காட்சியில் இருக்கிறார். குட்டன்பெர்க் விலகிய செய்தி கைப்பேசியில் இருக்கிறது. பக்கத்தில் நிற்கும் கல்வி அமைச்சர் ஆனெத்தெ ஷாவானிடம் அதைக் காட்டுகிறார். இரண்டு பேர் முகத்திலும் ஒரு சிரிப்பு. குட்டன்பெர்க் செய்ததற்காக வெட்கப்படுவதாக வெளிப்படையாகச் சொன்னவர் இந்த ஷாவான்.

இரண்டே ஆண்டு. 2013 பிப்ரவரி. டூசல்டோர்ஃப் பல்கலைக்கழகம் ஷாவானுடைய முனைவர் பட்டத்தையே திரும்பப் பெற்றது. 1980இல் எழுதிய ஆய்வேடு. அதில் இருந்த தவறு வேறு மாதிரி. மூல நூல்களைப் பற்றிப் பிறர் எழுதிய விளக்கங்களைச் சொல் மாற்றி எடுத்துக்கொண்டு, தாமே மூலத்தைப் படித்து அந்த முடிவுக்கு வந்ததுபோல எழுதியிருந்தார் என்று பல்கலைக்கழகம் முடிவு செய்தது. ஏமாற்றும் எண்ணம் இல்லை என்று அவர் மறுத்தார். நீதிமன்றத்துக்குப் போனார், அங்கும் தோற்றார். அந்த ஆய்வேடு எதைப் பற்றியது தெரியுமா? மனசாட்சியைப் பற்றியது! நான் கதை கட்டவில்லை. 'மனிதரும் மனசாட்சியும்' என்பதுதான் அதன் தலைப்பு.

இந்த இரண்டு கதைகளையும் கேட்டு நாம் சிரிக்கலாம். ஆனால் சிரிப்போடு விட்டுவிட்டால் பயனில்லை. குட்டன்பெர்க்கின் நெறியாளர் ஏதோ பெயர் தெரியாத ஆள் அல்ல, அரசமைப்புச் சட்டத்தில் உலகறிந்த அறிஞர். ஷாவானுக்கும் நெறியாளர் இருந்தார், தேர்வாளர் இருந்தார். இவர்கள் கண்ணுக்குத் தப்பியது, பின்னால் படித்தவர்கள் கண்ணில் எப்படிப் பட்டது? முன்னவர்கள் பட்டம் கொடுப்பதற்காகப் புரட்டினார்கள், பின்னவர்கள் புத்தகத்தோடு மல்லுக்கட்டினார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அரசியல்வாதிகள் அப்படித்தான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள வேண்டாம். மார்ட்டின் லூதர் கிங்கை நாம் எல்லோரும் வணங்குகிறோம். 1955இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் இறையியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அவருடைய எழுத்துகளையெல்லாம் பதிப்பிப்பதற்காக ஸ்டான்போர்டில் அமைந்த குழு, அவர் மனைவியே பொறுப்பை ஒப்படைத்த குழு, அந்த ஆய்வேட்டை வரிவரியாகப் படித்தபோது திகைத்துப்போனது. ஜாக் பூசர் என்ற இன்னொரு மாணவர் 1952இல் அதே பல்கலைக்கழகத்தில் கொடுத்த ஆய்வேட்டிலிருந்து நிறையப் பகுதிகள் அதில் இருந்தன. மூன்று ஆண்டு இடைவெளி. இரண்டுக்கும் முதல் தேர்வாளர் ஒருவரே! 1991இல் பல்கலைக்கழகம் அமைத்த குழு, திருட்டு நடந்தது உண்மை என்று அறிவித்தது. பட்டத்தைப் பறிக்கவில்லை. பறித்து என்ன ஆகப் போகிறது, அவர் மறைந்து இருபதாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. நூலகத்திலுள்ள பிரதியில் இதைச் சொல்லும் கடிதம் ஒன்றை இணைக்கச் சொன்னார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பு பிடித்திருக்கிறது. கிங்கின் பெருமையை அது குறைக்கவில்லை, பூசருக்குச் சேர வேண்டியதையும் கொடுத்துவிட்டது. பதிப்பாசிரியர்களும், கண்ட உண்மையைத் தங்கள் நாயகனுக்காகக் கடைசிவரை மறைத்துவைக்கவில்லை.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். 2002இல் நைனிதாலில் உள்ள குமாவுன் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தர் மீதே புகார் எழுந்தது. கருந்துளைகளைப் பற்றி அவர் பெயரில் வந்த கட்டுரை, ஸ்டான்போர்டின் இயற்பியலாளர் ரெனாட்டா கல்லோஷ் முன்பே எழுதியதன் நகல் என்றார்கள். நோபல் பரிசு பெற்றவர்கள் உட்பட ஸ்டான்போர்டுப் பேராசிரியர்கள் சேர்ந்து நம் குடியரசுத் தலைவருக்குக் கடிதம் எழுதினார்கள். அப்போது குடியரசுத் தலைவர் யார்? நம் அப்துல் கலாம். விசாரணைக் குழு அமைந்தது, திருட்டு உறுதியானது, 2003இல் துணைவேந்தர் பதவி விலகினார். துணைவேந்தரே இப்படி என்றால் ஆய்வு மாணவரை எந்த வாயால் கண்டிப்பது?

இதையெல்லாம் தடுக்க 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு விதித்தொகுப்பு கொண்டுவந்தது. இந்த மன்றத்தில் உள்ளவர்களுக்கு அது மனப்பாடம். பிறர் எழுத்தோடு ஒப்புமை பத்து விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. பத்தைத் தாண்டி நாற்பது வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். நாற்பதைத் தாண்டி அறுபது வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியைக்கூடக் கொடுக்க முடியாது. அறுபதைத் தாண்டினால் பதிவே ரத்து. கட்டுரைகளில் நாற்பதைத் தாண்டிப் பிடிபட்ட ஆசிரியர்களுக்கு ஊதிய உயர்வு நிற்கும், சில ஆண்டுகள் நெறியாளராகவும் இருக்க முடியாது.

எல்லாம் சரி. ஆனால் இந்த விதியில் நாம் பிடித்துக்கொண்டது எதை? பத்தை மட்டும்! ஒன்பது வந்தால் யோக்கியர், பதினொன்று வந்தால் திருடர். அப்படியா விதி சொல்கிறது? எடுத்துப் படித்துப் பாருங்கள். உரிய சான்று காட்டி எடுத்தாண்ட மேற்கோள்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்கிறது. துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை எதையும் சேர்க்கக் கூடாது என்கிறது. தொடர்ச்சியாகப் பதினான்கு சொற்கள் வரை பொதுவாகவோ தற்செயலாகவோ ஒத்துப்போவதையும் விலக்குகிறது. அதோடு இன்னொன்றும் சொல்கிறது. கருதுகோள், கண்டறிந்தவை, முடிவுகள், பரிந்துரைகள் இவற்றில் ஒப்புமையே இருக்கக் கூடாது என்கிறது. பத்தும் இல்லை, ஐந்தும் இல்லை. இந்த வரியைப் படித்தவர்கள் இந்த மன்றத்தில் எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம், பக்கத்தில் நெறியாளர் உட்கார்ந்திருக்கிறார்.

அந்தப் பத்து என்ன செய்கிறது என்று கிட்டத்திலிருந்து பாருங்கள். சங்க காலப் பெண்களைப் பற்றி ஒரு மாணவி எழுதுகிறார் என்று வையுங்கள். நேர்மையான பெண். புறநானூற்றிலிருந்தும் நற்றிணையிலிருந்தும் பாடல்களை அடிபிறழாமல் எடுத்துத் தருகிறார், பாட்டெண் போடுகிறார், உரையாசிரியர் பெயர் சொல்கிறார். ஒப்புமை காட்டும் மென்பொருளில் போட்டால் முப்பத்தெட்டு வருகிறது. ஏன்? அதே பாடல்களை அவருக்கு முன்னால் நூறு பேர் எடுத்தாண்டிருக்கிறார்கள். மேற்கோளை விலக்கிப் பார்க்கும் வசதி மென்பொருளில் இருக்கிறது, ஆனால் பொத்தானை அழுத்த ஆளில்லை. என்ன சொல்கிறார்கள் அவரிடம்? மேற்கோளைக் குறை அம்மா, பர்சன்டேஜ் கூடுது! புறநானூற்றுப் பாட்டை அவர் தம் சொந்த நடையில் மாற்றி எழுத வேண்டுமோ?

இன்னொரு மாணவர். ஒரு பழைய நூலில் இப்படி ஒரு வரி இருக்கிறது என்று வையுங்கள்: 'நெய்தல் நிலப் பெண்கள் உப்பு விற்றார்கள், மீன் உணக்கினார்கள், பறவைகளை ஓட்டிக் காவல் காத்தார்கள்.' மாணவர் மாற்றுகிறார்: 'கடற்கரைப் பகுதி மகளிர் உவர்ப்புப் பொருளை வணிகம் செய்தனர், மச்சங்களை உலர்த்தினர், புட்களைத் துரத்திப் பாதுகாப்பு மேற்கொண்டனர்.' மென்பொருள் என்ன சொல்லும்? பூஜ்யம்! பெயர் சொல்லாமல் எடுத்த கருத்து, அதே வரிசை, அதே மூன்று செயல்கள். பழைய ஆசிரியரின் பெயர் எங்கும் இல்லை. இவர் பட்டம் வாங்கிவிடுவார். முந்தைய மாணவி ஆறு மாதம் அலைவார். பல்கலைக்கழக வாசல்களில் சில கடைக்காரர்கள் பர்சன்டேஜ் குறைத்துத் தருகிறோம் என்று சொல்லும் அளவுக்கு இது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. திருட்டைக் குறைக்க வந்த எண், திருட்டை மறைக்கக் கற்றுக்கொடுத்துவிட்டது.

மென்பொருளை நான் பழிக்கவில்லை. அது காய்ச்சல் பார்க்கும் கருவி. சூடு இருக்கிறது என்று சொல்லும், என்ன நோய் என்று சொல்லாது. அந்தக் கருவியை வாயில் வைத்துவிட்டு டாக்டர் வீட்டுக்குப் போய்விட்டார் என்பதுதான் என் வழக்கு.

தமிழில் ஆய்வு செய்கிறவர்களுக்கு இன்னொரு சங்கதி இருக்கிறது. இந்தக் கருவி தன்னிடம் இருப்பதோடுதான் ஒப்பிடும். நம் பழைய நூல்கள் பெரும்பாலும் இணையத்தில் எப்படி இருக்கின்றன? ஸ்கேன் செய்த படங்களாக. படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தனியாகப் பிரித்து எடுத்தால்தான் ஒப்பிட முடியும். யூனிகோடு வருவதற்கு முன் ஆளுக்கொரு எழுத்துருவில் அடித்து வைத்தோமே, அந்தக் கோப்புகளைக் கருவி திறந்து பார்த்தால் அதற்குத் தமிழே தெரியாது, ஏதோ ரோமன் எழுத்துக் குப்பை என்று நினைத்துக்கொள்ளும். ஆங்கில நூலின் ஓர் இயலை அப்படியே தமிழாக்கி வைத்தால் பெரும்பாலும் அதற்கும் கண் தெரியாது. ஆகவே, தமிழ் ஆய்வேட்டுக்கு ஒன்பது விழுக்காடு என்று ஒரு சான்றிதழ் வந்தால், தொண்ணூற்றொன்று சொந்தச் சரக்கு என்று பொருள் இல்லை. அதை இந்தக் கருவி வேறெங்கும் கண்டதில்லை, அவ்வளவுதான்.

எண்ணை ஏமாற்றும் வித்தை உலகம் முழுதும் நடக்கிறது. 2021இல் கியோம் கபனாக், சிரில் லபே, அலெக்சாண்டர் மகசினோவ் என்ற மூன்று ஆய்வாளர்கள் அறிவியல் இதழ்களில் விசித்திரமான சொற்றொடர்களைக் கண்டுபிடித்தார்கள். பிறர் கட்டுரையைச் சிலர் எடுத்து, சொல்லுக்குச் சொல் மாற்றும் மென்பொருளில் கொடுத்து, வருவதை அப்படியே அச்சுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அது துறைச் சொல்லையும் விட்டுவைக்கவில்லை. ஆங்கிலத்தில் நடந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: செயற்கை நுண்ணறிவு 'போலி நினைவு' ஆகிவிட்டது. பெருந்தரவு 'பூதாகாரத் தகவல்' ஆகிவிட்டது. மார்பகப் புற்றுநோய் 'நெஞ்சத்து ஆபத்து' ஆகிவிட்டது! சிரிக்கிறீர்கள். ஆனால் யோசியுங்கள், இவை அச்சில் வந்தவை. இதழாசிரியர் இருக்கிறார், மதிப்பீட்டாளர்கள் இருக்கிறார்கள். 'நெஞ்சத்து ஆபத்து' என்று ஒரு மருத்துவக் கட்டுரையில் வரும்போது ஒருவர்கூடப் பேனாவை எடுக்கவில்லை என்றால் என்ன பொருள்? மறுபடியும் என் கேள்விக்கே வருகிறேன். படித்தது யார்? 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 10,000க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றில் பெரும்பகுதி ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகத்தின் இதழ்களில் வந்தவை.

செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் பின்வரிசை என்னை விடாது. அதைப் பிடிக்கும் கருவிகளை நம்பி யாரையும் தூக்கில் போடாதீர்கள். ஓபன்ஏஐ நிறுவனமே தான் வெளியிட்ட கண்டறியும் கருவியைச் சரியாக வேலை செய்யவில்லை என்று 2023இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. செய்தவருக்கே பிடிபடாதது, நம் அலுவலகக் கணினிக்குப் பிடிபடுமா?

எடுத்த இடத்தைப் பெயர் சொல்லிக் காட்டும் இந்த ஒழுக்கமெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு, நம் மரபில் கருத்துக்குச் சொந்தம் கொண்டாடுவதே கிடையாது என்று சிலர் சொல்கிறார்கள். முன்னோர் சொல்லை எடுத்தாள நன்னூலே இடம் கொடுக்கிறது என்று வாதாடுகிறார்கள். இடம் கொடுக்கிறது, உண்மைதான். ஆனால் எதற்கு? முன்னோரைப் போற்றுவதற்காக. பெயரை மறைத்துவிட்டு யாரைப் போற்றுவது? தொல்காப்பியரைப் பாருங்கள், நூற்பாவுக்கு நூற்பா தமக்கு முந்தைய புலவர்கள் சொன்னதாகவே சொல்லிக்கொண்டு போகிறார். அவ்வளவு பெரிய மனிதருக்கு அந்த அடக்கம் இருந்தது.

இன்னும் ஒருவரை இங்கே அழைத்துவர வேண்டும். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார். இசையும் கூத்தும் நிறைந்த நூல் அது. உரை எழுத உட்கார்ந்தால், பழைய இசை நூல்களும் நாடக நூல்களும் அவர் காலத்துக்கு முன்பே அழிந்துவிட்டன. என்ன செய்தார்? தாமே எல்லாம் கண்டதுபோல எழுதியிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? மென்பொருளா இருந்தது? ஆனால் அவர் வெளிப்படையாகச் சொல்கிறார். பழையவை இறந்துபட்டன, ஆகவே இந்த ஐந்து நூல்களைக் கொண்டு உரை சொல்கிறேன் என்கிறார். பெயர்களையும் கொடுக்கிறார்: இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ்.

அதனால் என்ன நடந்தது என்று பாருங்கள். பஞ்சமரபு என்று ஒரு நூல் இருந்தது என்பதே பல தலைமுறைகளுக்கு அவர் உரையால்தான் தெரிந்தது. இருபதாம் நூற்றாண்டில் கொங்கு நாட்டைச் சேர்ந்த தெய்வசிகாமணிக் கவுண்டர் அதன் சுவடியைக் கண்டுபிடித்துப் பதிப்பித்தார். சுவடி கையில் கிடைத்தபோது அது இன்ன நூல் என்று அடையாளம் காண முடிந்ததே, எப்படி? அடியார்க்குநல்லார் பெயர் சொல்லி வைத்திருந்தார். பெயரை விழுங்கியிருந்தால்? இந்திரகாளியத்தை இன்றும் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்றால், அதற்கும் அவர் எழுதி வைத்த பெயர்தான் காரணம். உ.வே.சாமிநாதையர் பதிப்புகளின் முன்னுரைகளைப் புரட்டுங்கள். எந்தச் சுவடி எந்த ஊரில், யார் வீட்டில் கிடைத்தது என்று வரிசையாக எழுதியிருப்பார். நன்றிக்காக மட்டும் எழுதியதல்ல அது. நாளைக்கு இன்னொருவர் அந்தச் சுவடியைத் தேடிப் போய், ஐயர் கொண்ட பாடம் சரிதானா என்று சோதிப்பதற்கும் அது வழி. தம்மைச் சோதிக்கும் வழியைத் தாமே திறந்து வைத்தவர்கள் நம் முன்னோர்.

மன்றத்திலுள்ள நெறியாளர்களுக்கும் தேர்வாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த வாய்மொழித் தேர்வில், கோப்பின் மேலே இருக்கும் அந்த விழுக்காட்டுத் தாளைத் திருப்பி வைத்துவிடுங்கள். துணைநூற்பட்டியலைத் திறங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு நூலின் மேல் விரலை வையுங்கள். இந்த நூலில் எந்தப் பகுதியைப் படித்தீர்கள், அதில் ஆசிரியர் சொல்வதில் உங்களுக்கு உடன்பாடு இல்லாதது எது என்று கேளுங்கள். உடன்பாடு இல்லாததைக் கேளுங்கள், அதுதான் முக்கியம். படித்தவர் படபடவென்று பேசத் தொடங்கிவிடுவார், நீங்கள் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த மாட்டார். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அவர் சொல்வது சரியா தவறா என்று தெரிய வேண்டுமானால், அந்த நூலைக் கேட்கிறவரும் படித்திருக்க வேண்டும்.

என் பேச்சு முடிந்தது. கேள்விகளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருப்பதாக அவைத்தலைவர் சொன்னார். பின்வரிசையிலிருந்து தொடங்கலாம்.